மன்னரை நீக்கும்போது நேபாள மக்களிடம் கேட்டார்களா?

குகைவாசி:
நேற்று நம் சேலத்துக் குழுமத்தில் பழைய சூரமங்கலம் அவர்கள் காத்மாண்டு ஊர்வலப் படம் ஒன்றைப் போட்டு, "நேபாள மக்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மன்னரையும் பறித்தார்கள், இந்து நாடு என்ற பெயரையும் பறித்தார்கள், இன்று அந்த மக்களே இரண்டையும் திருப்பிக் கேட்கிறார்கள்" என்று எழுதியிருந்தார். பலரும் பாராட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்குத்தான் வயிற்றெரிச்சல் தாங்கவில்லை.

அந்தப் படம் 2025 மார்ச் 9-இல் முன்னாள் மன்னர் ஞானேந்திரா பொக்காராவிலிருந்து தலைநகர் திரும்பியபோது விமான நிலையத்தில் எடுத்தது. கூட்டம் கூடியது உண்மை. 'கேட்கவில்லை' என்பதுதான் பொய். நேபாளம் கூட்டாட்சிக் குடியரசாகும், அதை அரசியல் நிர்ணய சபை தன் முதல் கூட்டத்தில் நடைமுறைப்படுத்தும் என்று 2007 டிசம்பர் 28-லேயே இடைக்கால அரசியல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். அது ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் 2008 ஏப்ரல் 10-இல் அந்தச் சபைக்குத் தேர்தல் நடந்தது. மே 28-இல் சபை கூடியபோது குடியரசுக்கு ஆதரவாக 560 பேரும் எதிராக 4 பேரும் வாக்களித்தார்கள். எதிர்த்தவர்கள், மன்னர் வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லித் தேர்தலில் நின்ற ஒரே ஒரு கட்சியின் உறுப்பினர்கள். அந்தக் கட்சிக்கு மக்கள் கொடுத்ததே நாலு இடந்தான். 560-க்கு 4. இதைவிடத் தெளிவாக ஒரு நாட்டு மக்கள் எப்படிப் பதில் சொல்ல முடியும்?

பழைய சூரமங்கலம்:
தம்பி குகைவாசிக்கு. தேதிகளை அடுக்கினால் கேள்வி மறைந்துவிடாது. மன்னர் வேண்டுமா வேண்டாமா என்று ஒரு சீட்டை அச்சடித்து, நேபாளக் குடிமகன் கையில் கொடுத்து, முத்திரை குத்தச் சொன்னார்களா? இத்தாலியில் 1946 ஜூன் 2-இல் அப்படிக் கேட்டார்கள். கிரேக்கத்தில் 1974 டிசம்பரில் கேட்டார்கள். இரண்டு இடத்திலும் முடி தோற்றது, எவரும் குறை சொல்ல இடமில்லை. ஆஸ்திரேலியாவில் 1999-இல் கேட்டபோது மக்கள் இருக்கிற முடியே இருக்கட்டும் என்றார்கள். இவ்வளவு ஏன், நேபாளத்துக்குப் பக்கத்து வீடான சிக்கிமில் 1975 ஏப்ரல் 14-இல் பொது வாக்கெடுப்பு நடத்தித்தான் சோக்யால் என்ற அந்நாட்டு மன்னரை இறக்கினார்கள். 240 ஆண்டு ஆண்ட ஒரு வம்சத்தை நீக்க மட்டும் ஒரு மண்டபத்தில் 560 பேர் கை தூக்கினால் போதுமா?

மதச்சார்பின்மைக் கதை இதைவிட மோசம். 2006 மே 18-இல் அதை அறிவித்த அவை 1999-இல் தேர்ந்தெடுக்கப்பட்டு, 2002-இல் கலைக்கப்பட்டு, கிளர்ச்சிக்குப் பிறகு தூசு தட்டி எழுப்பப்பட்ட அவை. 'இந்து அரசு' என்று எழுதியிருந்த 1990 அரசியல் சட்டத்தின்படி பதவி ஏற்றவர்கள், ஏழாண்டுக்கு முன்பு ரோட்டுக்கும் குடிதண்ணீருக்கும் வாங்கிய வாக்கை வைத்துக்கொண்டு நாட்டின் அடையாளத்தையே மாற்ற எங்கிருந்து உரிமை பெற்றார்கள்? பொது வாக்கெடுப்பு நடந்ததா? ஆம் அல்லது இல்லை என்று சொன்னால் போதும்.

தறிச்சத்தம்:
சூரமங்கலம் ஐயாவுக்குப் பொது வாக்கெடுப்பின் மேல் இவ்வளவு பற்று உண்டு என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன். 2018-இல் எட்டு வழிச் சாலைக்காக மஞ்சவாடிக் கணவாய்ப் பக்கம் நிலம் அளக்க வந்தபோது, "ஒவ்வொரு விவசாயியையும் கேட்டுக்கொண்டிருந்தால் நாடு முன்னேறாது" என்று இதே குழுமத்தில் எழுதியவரும் ஐயாதான். தென்னையை இழக்க இருந்தவனைக் கேட்க வேண்டியதில்லை, கிரீடத்தை இழந்தவருக்காக மட்டும் ஊரையே கேட்க வேண்டுமோ?

பழைய சூரமங்கலம்:
சாலை வேறு, அரசியல் சட்டம் வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. வாக்கெடுப்பு நடந்ததா என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

தறிச்சத்தம்:
பதில் சொல்வதில்லை என்பதையும் ஒரு பதிலாகவே எழுதியிருக்கிறீர்கள். நன்றி.

வரலாற்று ஆசிரியை:
இருவரும் ஒரு செய்தியை விட்டுவிட்டீர்கள். நேபாளம் பொது வாக்கெடுப்பையே அறியாத நாடு அன்று. 1980 மே 2-இல் மன்னர் பீரேந்திரா ஒன்று நடத்தினார். கட்சிகளே இல்லாத பஞ்சாயத்து முறையைச் சீர்திருத்தி வைத்துக்கொள்ள வேண்டுமா, பல கட்சி ஆட்சி வேண்டுமா என்பதே கேள்வி. பஞ்சாயத்து முறை ஏறத்தாழ 55 விழுக்காடு வாக்குப் பெற்று வென்றது. அதற்கு முன் 1960 டிசம்பரில் அவருடைய தந்தை மகேந்திரா, பி.பி. கொய்ராலா தலைமையில் மக்கள் தேர்ந்தெடுத்த அரசைக் கலைத்துப் பிரதமரைச் சிறையில் அடைத்தார். 1962-இல் அரசியல் சட்டத்தில் 'இந்து அரசு' என்ற சொல்லை முதன்முதலாக எழுதிவைத்தவரும் அவரே.

இதைத் தொடர்வதற்கு முன் ஒரு வேண்டுகோள். மதச்சார்பின்மை என்று நாம் எதைச் சொல்கிறோம்? அரசு மதத்தைத் தொடாமல் விலகி நிற்பதையா, எல்லா மதங்களையும் ஒரே அளவில் தொடுவதையா? அதைப்போல மன்னராட்சி என்றால் ஆளும் மன்னரா, முத்திரைக்கு மட்டும் இருக்கும் மன்னரா? இதை முடிவு செய்யாமல் பேசினால் ஆளுக்கொரு பொருளை வைத்துக்கொண்டு சண்டை போடுவோம்.

குகைவாசி:
விளக்கம் பிறகு பார்க்கலாம், டீச்சர். ஆனால் நீங்கள் சொன்ன 1962 எனக்கு மிகவும் பயன்படுகிறது. சூரமங்கலம் அவர்கள் கவனிக்கட்டும்: 'இந்து அரசு' என்ற பெயரை எழுதும்போது வாக்கெடுப்பு இல்லை, தேர்ந்தெடுத்த நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டு ஒரே ஒருவர் எழுதினார். கேட்காமல் எழுதியதை அழிக்க மட்டும் ஊர் ஊராகக் கேட்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? 2005 பிப்ரவரி 1-இல் ஞானேந்திரா அமைச்சரவையைக் கலைத்து, தொலைபேசி இணைப்புகளைத் துண்டித்து, தலைவர்களை வீட்டுக்காவலில் வைத்து, முழு அதிகாரத்தையும் தன் கையில் எடுத்துக்கொண்டாரே, அதற்கு எந்தச் சாவடியில் சீட்டுக் கொடுத்தார்கள்? அவர் அன்று சும்மா இருந்திருந்தால் இன்றைக்கும் நாராயணஹிட்டி அரண்மனையிலேயே இருந்திருப்பார் என்பது என் எண்ணம். தன் முடியைத் தானே கழற்றியவர் அவர். 2006 ஏப்ரலில் 19 நாள் தெருவில் நின்ற மக்கள் அதற்கு ரசீது கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

சிக்கிமை வேறு எடுத்துக்காட்டாகக் கொண்டுவந்தீர்கள். ஏப்ரல் 9-இல் இந்தியப் படை அரண்மனைக் காவலர்களின் ஆயுதத்தைப் பறித்தது, ஏப்ரல் 14-இல் வாக்கெடுப்பு முடிந்தது. 97 விழுக்காட்டுக்கு மேல் ஒரே பக்கம். அந்த வாக்கெடுப்பு உங்களுக்குத் தூய்மையானது, போட்டியிட்ட கட்சிகள் அத்தனையும் பங்குகொண்ட தேர்தலில் வந்த சபையின் 560-க்கு 4 மட்டும் சூழ்ச்சியா? 2013-இல் இரண்டாவது நிர்ணய சபைக்கு மறுபடியும் தேர்தல் நடந்தது. 2015 செப்டம்பரில் 507 பேர் ஆதரவு, 25 பேர் எதிர்ப்பு என்று மதச்சார்பற்ற அரசியல் சட்டம் நிறைவேறியது. இரண்டு முறை கேட்டு, இரண்டு முறையும் ஒரே பதில்.

'பறித்தார்கள்' என்கிறீர்களே, எதைப் பறித்தார்கள் என்றாவது அந்தச் சட்டத்தின் 4-ஆவது உறுப்பைப் படித்தீர்களா? மதச்சார்பின்மை என்பது தொன்றுதொட்டு வரும் சனாதன மதத்தையும் பண்பாட்டையும் காப்பதையும் உள்ளடக்கியது என்று அங்கேயே விளக்கம் எழுதியிருக்கிறார்கள். பசு தேசிய விலங்கு. மதமாற்றம் செய்தால் தண்டனைச் சட்டப்படி ஐந்தாண்டு வரை சிறை. இதை எதிர்த்து நியாயமாகக் கோபப்பட வேண்டியவர்கள் அங்குள்ள கிறித்தவர்களும் முஸ்லிம்களும்.

பழைய சூரமங்கலம்:
இவ்வளவு நீளமாக எழுதியதில் 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரு சொல் இல்லை. 2013-இல் வாக்கு வாங்கியவர்களும் தண்ணீருக்கும் ரோட்டுக்கும்தான் வாங்கினார்கள். 2015 ஜூலையில் வரைவுச் சட்டத்தின் மேல் ஊர் ஊராகக் கருத்துக் கேட்டபோது, மதச்சார்பின்மை என்ற சொல்லை எடுத்துவிடுங்கள் என்று ஏராளமானோர் எழுதிக்கொடுத்தார்கள். அந்தத் தாள்கள் எங்கே போயின? பெரும்பான்மை, பெரும்பான்மை என்று சபைக்குள் எண்ணுகிறவர்கள் சபைக்கு வெளியே எண்ணத் தயங்கினால், தோற்றுவிடுவோம் என்ற பயத்தைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது.

அஸ்தம்பட்டி வக்கீல்:
சட்டம் அறிந்தவன் என்ற முறையில் தலையிடுகிறேன். இந்தியா 1950 ஜனவரி 26-இல் குடியரசானது. அந்த அரசியல் சட்டத்தை எழுதிய சபையை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. 1946-இல் சொத்து, வரி, படிப்பு என்ற தகுதிகள் வைத்துக் குறுக்கப்பட்ட வாக்குரிமையால் அமைந்த மாகாணச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுத்தன. சமஸ்தானங்களின் உறுப்பினர்களில் பலர் மன்னர்கள் அனுப்பிவைத்தவர்கள். பொது வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. முன்னாள் சமஸ்தான மன்னர்களுக்கு அரசு கொடுத்துவந்த மானியத்தை ஒழிக்கும் மசோதா 1970-இல் மாநிலங்களவையில் மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு வாக்கிலும் குறைவான வித்தியாசத்தில் தோற்றது. குடியரசுத் தலைவர் ஆணையால் செய்து பார்த்தார்கள், உச்ச நீதிமன்றம் அதை அடித்துப்போட்டது. பிறகு 1971-இல் 26-ஆவது திருத்தத்தால் முடித்தார்கள். வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை கொடுத்துத் தேர்ந்தெடுத்த நேபாளச் சபை, சட்டப்படி பார்த்தால், நம்முடையதைவிட வலுவான அடித்தளம் உடையது.

பழைய சூரமங்கலம்:
வக்கீல் ஐயாவே ஒப்புக்கொண்டார், இங்கும் மக்களிடம் கேட்கவில்லை என்று. மிக்க நன்றி. 'மதச்சார்பற்ற' என்ற சொல்லை முகவுரையில் சேர்த்தது 1976-இல், அவசரநிலைக் காலத்தில், எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருந்தபோது, என்பதையும் அவரே சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

அஸ்தம்பட்டி வக்கீல்:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு நடைமுறையை விவரிப்பது வேறு, குறை என்று ஒப்புக்கொள்வது வேறு. 42-ஆவது திருத்தத்தைப் பற்றிய தங்கள் குறிப்புக்கும் விடை உண்டு: அந்தச் சொல்லை நீக்கக் கோரிய மனுக்களை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 25-இல் தள்ளுபடி செய்துவிட்டது. 'ஒப்புக்கொண்டார்' என்ற சொல்லைத் திரும்பப் பெறுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

குகைவாசி:
சேலத்துக்காரர்கள் முடிக்காக உருகுவதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. 1792-இல் திப்புவின் கையிலிருந்து பாரமகாலும் சேலமும் கும்பெனிக்குப் போன நாளிலிருந்து இந்த ஊருக்கு மன்னர் என்று எவரும் கிடையாது. பட்டம், பதவி, பரிவட்டம் என்பவற்றை உதறியதில் இந்த ஊருக்கு ஒரு வரலாறே உண்டு. 1944 ஆகஸ்ட் 27-இல் இங்கே கூடிய நீதிக்கட்சி மாநாட்டில்தான், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று வெள்ளைக்காரன் கொடுத்த பட்டங்களைத் துறக்க வேண்டும் என்று அண்ணா தீர்மானம் கொண்டுவந்தார்; கட்சியும் திராவிடர் கழகமாயிற்று. அந்த மண்ணில் நின்றுகொண்டு ஞானேந்திராவுக்கு வக்காலத்து வாங்குகிறார்கள்.

பழைய சூரமங்கலம்:
அந்த மாநாட்டுத் தீர்மானத்தை ஏற்காதவர்கள் நாங்களே நீதிக்கட்சி என்று தனியே நின்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், தம்பி. இதே சேலம் நகராட்சிக்குத் தலைவராக இருந்த ராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சி, மன்னர்களுக்குக் கொடுத்த வாக்கை மீறக்கூடாது என்று மானிய ஒழிப்பை எதிர்த்தது. அவரும் சேலத்துக்காரர்தான். ஊர்ப் பெருமையை ஒரு கட்சிக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுக்க உங்களுக்கு எவர் உரிமை கொடுத்தார்?

குகைவாசி:
என்னைத் தம்பி என்று அழைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். எனக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ராஜாஜி எதிர்த்தது சொன்ன வாக்கை மீறுவதை. முடியைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லி அவர் ஊர்வலம் போகவில்லை.

பழைய சூரமங்கலம்:
வயதைக் காட்டி விவாதத்தில் வெல்ல முடியாது. மதச்சார்பற்ற அரசு என்கிறீர்கள். அந்த அரசின் அறநிலையத் துறைதான் கோட்டை மாரியம்மன் கோவில் உண்டியலைத் திறந்து எண்ணுகிறது. மசூதியிலும் தேவாலயத்திலும் எண்ணுகிறதா? மன்னர் காலத்தில் கோவிலுக்கு நிலம் எழுதிவைத்தார்கள். மதச்சார்பற்றவர்கள் வந்து அதற்கு அலுவலரை நியமிக்கிறார்கள். நேபாளத்திலும் அதுதான் நடக்கிறது. 2019-இல் குத்தி அறக்கட்டளை நிலங்களை அரசு வாரியத்தின் கீழ் கொண்டுவர மசோதா போட்டார்களே, அதற்குப் பெயர் என்ன?

குகைவாசி:
அந்த மசோதாவை எதிர்த்துக் காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் நேவார் மக்கள் தெருவை நிறைத்தார்கள். அரசு அதைத் திரும்பப் பெற்றது. குடியரசு என்றால் இதுதான்! 2009-இல் மாவோயிஸ்டுத் தலைவர் பிரசண்டாவின் அரசு பசுபதிநாதர் கோவிலில் கர்நாடகத்துப் பட்டர்களை விலக்கிவிட்டு நேபாளத்தவரை அர்ச்சகராக்க முயன்றபோதும் எதிர்ப்புக் கிளம்பி, விவகாரம் நீதிமன்றம் போய், பழைய பட்டர்களே தொடர்ந்தார்கள். மக்கள் மசோதாவைத் தடுத்தார்கள், அர்ச்சகரைக் காத்தார்கள், மன்னரை மட்டும் கேட்கவில்லை. அறநிலையத் துறையைப் பற்றிப் பேசுவதானால் அது மதச்சார்பின்மை அறிவிப்புக்கு எவ்வளவோ முன்பு, நீதிக்கட்சிக் காலத்துச் சட்டத்திலிருந்து வளர்ந்த அமைப்பு. கோவில் சொத்தைத் தின்றவர்கள் மேல் பக்தர்களே கொடுத்த புகார்தான் அதற்குக் காரணம். அந்த வரலாற்றைத் தனியாக எழுதுகிறேன்.

தறிச்சத்தம்:
தயவுசெய்து தனியாகவே எழுதுங்கள்.

வரலாற்று ஆசிரியை:
குத்தி, பசுபதிநாதர் இரண்டும் நான் கேட்ட கேள்விக்குள்தான் வருகின்றன. இந்திர ஜாத்திரைத் திருவிழாவின்போது, வாழும் தெய்வமாக வணங்கப்படும் சிறுமியான குமாரியின் கையால் மன்னர் நெற்றியில் திலகம் வாங்குவது பழைய வழக்கம். மன்னர் போன பிறகு அந்தத் திலகத்தை மதச்சார்பற்ற குடியரசின் தலைவர் போய் வாங்குகிறார். இது மதச்சார்பின்மையா, மன்னர் இல்லாத மன்னர் சடங்கா? இதற்கு ஒருவராவது பதில் சொன்னால் நன்றாயிருக்கும்.

ஒண்டிக்கடை:
ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் விடுதியில் இரவுக் காவலுக்கு இருப்பவர் மேற்கு நேபாளத்து மலைக் கிராமத்துக்காரர். 2025 செப்டம்பரில் காத்மாண்டுவில் நாடாளுமன்றமும் தலைமைச் செயலகமான சிங்க தர்பாரும் எரிந்த இரவு, குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, வாசல் விளக்கின் கீழ் உட்கார்ந்து, விரிசல் விட்ட கைப்பேசியில் அதே காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். ராஜா வரவேண்டுமா என்று கேட்டேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. வாக்குப் போடவேண்டுமானால் சேலம் சந்திப்பில் ரயிலேறிக் கோரக்பூர் போய், எல்லை தாண்டிப் பேருந்து மாறி, மலை ஏறி நடக்க வேண்டும். போய்வரும் செலவில் பிள்ளையின் பள்ளிக் கட்டணம் போய்விடும் என்றார். வெளிநாட்டில் வேலை செய்யும் நேபாளிகள் இருக்குமிடத்திலிருந்து வாக்களிக்க வழி இல்லை. 2008 தேர்தலிலும் அவர் இல்லை, 2013-லும் இல்லை. பொது வாக்கெடுப்பு நடத்தியிருந்தாலும் இருந்திருக்க மாட்டார். வளைகுடாவிலும் மலேசியாவிலும் இந்தியாவிலும் இப்படிப் பல இலட்சம் பேர். நீங்கள் இருவரும் 'மக்கள்' என்று எவரைச் சொல்கிறீர்கள் என்று எனக்கு உண்மையிலேயே புரியவில்லை.

பழைய சூரமங்கலம்:
ஒண்டிக்கடை நண்பர் என் கருத்தைத்தான் வலுப்படுத்துகிறார். மக்களிடம் கேட்கவில்லை.

குகைவாசி:
அவர் வலுப்படுத்துவது என் கருத்தை. அந்தக் காவலாளி மன்னர் வேண்டும் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். தேர்தல் முறையில் சீர்திருத்தம் வேண்டும் என்பது வேறு. அதற்கு வழி முடியைத் தேடிப் போவதில் இல்லை. 2008-க்குப் பிறகு ஒரு பிரதமர்கூட ஐந்தாண்டை முழுதாக முடிக்கவில்லை, கூட்டணி மாறி மாறி அதே மூன்று நான்கு முகங்கள் நாற்காலியில் சுழன்றன என்பதெல்லாம் உண்மை. 275 இடங்களில் 165 நேரடித் தேர்தல், 110 விகிதாசாரம் என்ற கலப்பு முறையில் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை எளிதில் கிடைக்காது என்பதையும் விவாதிக்கலாம். ஆனால் 2025 செப்டம்பரில் சமூக ஊடகத் தடையை எதிர்த்துத் தெருவுக்கு வந்த இளைஞர்கள் ஊழலைத்தான் முதலில் கேட்டார்கள். எழுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்து, பிரதமர் கே.பி. சர்மா ஒலி பதவி விலகிய பிறகு அவர்கள் அரண்மனையை நோக்கிப் போகவில்லை. முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்க்கியைத்தான் இடைக்காலப் பிரதமராக்கினார்கள். மன்னர் கட்சியான ராஷ்ட்ரிய பிரஜாதந்திரக் கட்சி 2022-இல் வென்றது 14 இடம். 14! ஊர்வலப் படத்தில் இருந்த கூட்டம் வாக்குச் சாவடிக்கு வரும்போது எங்கே போய்விடுகிறது?

பழைய சூரமங்கலம்:
சுசீலா கார்க்கியைத் தேர்ந்தெடுக்க டிஸ்கார்ட் செயலியில் இளைஞர்கள் வாக்கெடுப்பு நடத்தினார்கள் என்று நாளிதழ்களெல்லாம் எழுதின. ஓர் இடைக்காலப் பிரதமருக்குக் கைப்பேசியிலாவது வாக்கெடுப்பு உண்டு. 240 ஆண்டு முடியாட்சிக்கு அதுகூட இல்லை. 2008-இல் 4 இடம், 2022-இல் 14 இடம் என்று நீங்களே கணக்குக் காட்டியிருக்கிறீர்கள், கூடுகிறதா குறைகிறதா?

குகைவாசி:
நடுவில் 2013-இல் 24, 2017-இல் 1. அதை ஏன் விழுங்கினீர்கள்? பொது வாக்கெடுப்பு இல்லாமல் குடியரசான நாடு நேபாளம் மட்டும் அன்று. பார்படோஸ் 2021 நவம்பர் 30-இல் பிரிட்டிஷ் முடியை நாடாளுமன்ற வாக்கினாலேயே கழற்றி வைத்தது. பூட்டானில் நேர் எதிராக நடந்தது: 2008-இல் மக்கள் தயங்கினாலும் மன்னரே முன்வந்து தேர்தலைக் கொண்டுவந்தார். அதற்கும் வாக்கெடுப்பு இல்லை. அப்படியானால் பூட்டானின் ஜனநாயகமும் செல்லாது என்று உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய சூரமங்கலம்:
பார்படோஸ், பூட்டான் என்று உலகம் சுற்ற எனக்கு நேரமில்லை. கேட்டது நேபாளத்தைப் பற்றி.

தறிச்சத்தம்:
இத்தாலி, கிரேக்கம், ஆஸ்திரேலியா சுற்றிவிட்டு வந்தவர் சொல்கிறார்.

அஸ்தம்பட்டி வக்கீல்:
'ஒப்புக்கொண்டார்' என்ற சொல் இன்னும் திரும்பப் பெறப்படவில்லை. மாலைக்குள் திருத்தம் வராவிட்டால் குழும நிர்வாகியிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுப்பேன்.